பொம்மை வாங்கும்போது முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள்

பொம்மையின் விலை 150 ரூபாய். அதனால் வந்த செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. எக்ஸ்ரே, மயக்க மருந்து, எண்டோஸ்கோப்பி, ஐ.சி.யூ., வார்டு வாடகை, வண்டிக்கூலி என்று ஒரு ஃபைல் நிறைய பில். லீவு போட்டதில் போன சம்பளமும், வங்கியில் நகை வைத்ததற்கான வட்டியும் இந்தக் கணக்கில் வராது. பையனுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த உறவுக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கி வந்த பொம்மை அது. பார்க்கக் கார் ரிமோட் சாவி போலவே இருக்கும். பட்டனை அமுக்கினால் ஹாரன் அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும். நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம். மனைவி சவூதியில் நர்ஸ், வீட்டில் நானும் பையனும் மட்டும்தான். இப்படியும் நடக்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த ராத்திரி முழுக்க மனம் அடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் அந்தச் சாவி கட்டிலுக்கடியில் கிடந்தது. பின்மூடி தனியாகக் கிடந்தது, காசு மாதிரித் தட்டையான பட்டன் பேட்டரி இருந்த குழி காலி. பையன் அழவில்லை. எச்சில் மட்டும் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. பல் முளைக்கிற பருவத்தில் எச்சில் வடிவது புதுசும் இல்லை. பாலைக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுக் கக்கினான். அவன் விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை. இந்த மாதிரிச் சம்பவங்களில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், வாந்தி, இருமல், குரல் கம்முதல் என்று சில அறிகுறிகள் வரலாம். ஒன்றுமே இல்லாமல் பிள்ளை விளையாடிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே மூடி திறந்து கிடந்து, பேட்டரியைக் காணவில்லை என்றால், எக்ஸ்ரேயில் இல்லை என்று தெரியும்வரை உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வீடு முழுக்கக் கூட்டித் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. மூக்கையும் காதையும் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேயும் திணித்திருப்பார்கள்.

பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "துட்டு முழுங்குன பிள்ளைகளுக்கு வெளிய போவதில்லையா, அதே மாதிரிதான். ரெண்டு மட்டிப்பழம் குடுங்க, காலைல போயிரும்" என்றார்கள். மனசு சமாதானமாகி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தச் சமாதானத்தில் போன நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

காசும் பட்டன் பேட்டரியும் ஒன்றல்ல. காசு வெறும் உலோகம். பேட்டரியின் இரண்டு பக்கங்களையும் உணவுக்குழாயின் ஈரச்சுவர் தொட்டதும் சர்க்யூட் பூர்த்தியாகி மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதனால் பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம், அதாவது சற்றுக் குறுகலாக இருக்கும் பக்கம், காஸ்டிக் சோடா வகைக் காரம் உருவாகித் திசுவைக் கரைக்கிறது. பேட்டரி உடைந்து கசிய வேண்டிய அவசியமே இல்லை. 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஆகிவிடலாம். பொம்மை பாடுவதை நிறுத்திவிட்டது, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. விளக்கு எரிக்கத் திராணியில்லாத பேட்டரியிலும் சதையைச் சுடுகிற அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். பேட்டரி மேல் இருக்கும் எண்ணே அளவைச் சொல்லிவிடும். 2032 என்றால் குறுக்களவு 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ., 3 வோல்ட். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும் இந்த வகைதான் சிறு பிள்ளைகளின் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்வதில் முதலிடம். எல்.ஆர். 44 என்பது 11.6 மி.மீ., எல்.ஆர். 41 என்பது 7.9 மி.மீ. இவை உணவுக்குழாயைத் தாண்டி வயிற்றுக்குப் போய்விட வாய்ப்பு அதிகம். ஆனால் மூக்கில் போனால் இவையே போதும், நடுச்சுவரை ஓட்டையாக்கிவிடும். மூக்கில் பேட்டரி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது. ஈரம் கூடினால் எரிவும் கூடும்.

ட்யூட்டி முடிந்து போனைப் பார்த்த மனைவி எடுத்ததும் கேட்டது, "எக்ஸ்ரே எடுத்தாச்சா?" இல்லை என்றதும் ஒரு நொடி பேச்சே இல்லை. அப்புறம், "வீட்ல தேன் இருக்கா? எடுத்துட்டு உடனே வண்டில ஏறுங்க" என்றாள். மார்த்தாண்டம் தேன் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். இந்தத் தேன் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், எச்சிலை விழுங்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். பேட்டரியை வெளியே கொண்டுவராது, புண்ணையும் ஆற்றாது. தேன் தேடிக் கடைக்குப் போய்ப் புறப்பாட்டைத் தாமதப்படுத்தக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேனே ஆகாது. வேறு எதையும், பால், பழம், தண்ணீர் உட்பட, கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நான் ஊட்டிய மட்டிப்பழத்தைப் பற்றி மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது அந்தக் கிளினிக்கின் பெயரைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பொம்மையையும் மூடியையும் கையோடு எடுத்துப் போங்கள். மூடியின் உட்புறத்திலோ குழியிலோ பேட்டரி எண் அச்சாகியிருக்கும், டாக்டருக்கு அது பெரிய உதவி. எக்ஸ்ரேயைக் கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றும் தெரியும்படி எடுக்க வேண்டும், பக்கவாட்டிலும் ஒன்று வேண்டும். காசு என்றால் ஒரே சீரான வட்டமாகத் தெரியும். பேட்டரி என்றால் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும், பக்கவாட்டில் ஓரத்தில் படி மாதிரி ஒரு இறக்கம் இருக்கும். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மேல்நெஞ்சில் மாட்டியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ராத்திரியில் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மறுபடி வண்டி, மறுபடி சீட்டு, மறுபடி வரிசை. இந்த அலைச்சலைத் தவிர்க்க இப்போதே ஒரு வேலை செய்து வைக்கலாம். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ திருவனந்தபுரமோ, உங்களுக்கு எது கிட்டமோ அங்கிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, ராத்திரியில் சின்னக் குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்கிறார்களா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, குழந்தைகள் ஐ.சி.யூ. உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் முதல் வாக்கியத்திலேயே "பட்டன் பேட்டரி" என்ற சொல்லைச் சொல்லுங்கள். "ஏதோ முழுங்கிட்டான்" என்றால் அவசரம் புரியாது.

சம்மதப் படிவத்தில் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா ஓடவில்லை. எடுத்த பிறகு ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். வெள்ளியாக மின்னிய பொருள் கரி பிடித்த மாதிரிக் கறுத்து, ஒரு ஓரம் அரித்துப் போயிருந்தது. உணவுக்குழாயில் ஒரு பக்கம் புண். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு, பிறகு நீராகாரம், பிறகு கஞ்சி என்று மெல்லத்தான் ஏற முடிந்தது. ஆபத்து அன்றோடு முடிவதில்லை. பேட்டரியை எடுத்த பிறகும் புண் ஆழமாகப் போய் மூச்சுக்குழாயிலோ பெரிய ரத்தக்குழாயிலோ ஓட்டை விழ வாய்ப்புண்டு, அது வாரங்கள் கழித்தும் நடக்கலாம். ரத்த வாந்தி, கறுப்பு மலம், குடிக்கும்போதெல்லாம் புரையேறுதல், இதில் ஒன்று வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. புண் ஆறும்போது குழாய் சுருங்கி, கட்டியான உணவு இறங்காமல் போவதும் உண்டு. எங்கள் பையன் இப்போது இட்லி, ஆப்பம் எல்லாம் சாப்பிடுகிறான். வாங்கி வந்த உறவுக்காரரிடம் முழுக் கதையையும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் தாங்க மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இருந்த பொம்மைகள் எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். அதுவரை பொம்மை என்றால் பெட்டியில் இருக்கும் உருவம்தான் கண்ணில் படும். இந்த வயதுப் பிள்ளையின் கையில் கடைசியில் நிற்பது, உடைந்த பின் மிஞ்சும் துண்டுகள். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் பொம்மையை மதிப்பிட வேண்டும். இதற்கு ஒரு அளவு உண்டு. 3 வயதுக்குக் கீழான பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு குழலை வைத்திருப்பார்கள். அதன் அடித்தளம் சாய்வாக இருக்கும், ஒரு பக்க ஆழம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ அதன் துண்டோ எந்தக் கோணத்திலாவது முழுசாக அதற்குள் அடங்கினால் அது தொண்டையை அடைக்கும் பொருள் என்று கணக்கு. வீட்டில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் 11 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 1 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று வருமாறு சுற்றி ஒட்டினால் சுற்றளவு 10 செ.மீ. வரும், அதாவது கிட்டத்தட்ட அதே 31.7 மி.மீ. குறுக்களவு. பட்டையின் அகலம் 5.7 செ.மீ. இருக்கட்டும், ஆழத்தை அதுவே காட்டும். பந்துக்கும் உருண்டைகளுக்கும் தனி வளையம் வேண்டும். 15 செ.மீ. பட்டையை அதே மாதிரி ஒட்டினால் சுற்றளவு 14 செ.மீ., குறுக்களவு 44.5 மி.மீ. இந்த வளையத்தில் நுழைந்து வெளியே வருகிற எந்த உருண்டையும் 3 வயதுக்குக் கீழே ஆகாது. டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ. என்பதால் அதுவும் நுழையும். பெரிய பந்துதானே என்று கண் ஏமாற்றிவிடுகிறது.

இந்த இரண்டு வளையங்களையும் வைத்துப் பார்த்தால் நம் மாவட்டத்து வீடுகளில் கடைப்பொம்மையைவிட மற்றதுதான் அதிகம் மாட்டுகிறது. பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் சோழி, மஞ்சாடி, புளியங்கொட்டை, பெரிய பிள்ளைகள் பொறுக்கி வரும் புன்னங்காய், பாக்கு, கோலிக்குண்டு. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் வாங்கும் சிப்பி மாலை நூல் அறுந்தால் அத்தனையும் தனித்தனிச் சிப்பி. சிப்பி ஒட்டிய ஃபிரிட்ஜ் காந்தத்தில் பசை உப்புக்காற்றில் சீக்கிரம் விட்டுவிடும், காந்தம் தனியே வந்துவிடும். குன்றிமணி இருந்தால் அதை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடலாம், ஆனால் கடித்து உடைந்தாலோ மாலைக்காகத் துளை போட்டிருந்தாலோ உள்ளிருக்கும் ஆப்ரின் என்ற நஞ்சு உயிரை எடுக்கும். மேற்கே ரப்பர்த் தோட்டப் பக்கம் இருப்பவர்கள் ரப்பர் விதையையும் பிள்ளை கைக்கு எட்ட விடாதீர்கள், பச்சை விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

பேட்டரி மூடிக்கு வருவோம். 3 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு உரிய பொம்மையிலும், பட்டன் பேட்டரி போடும் எந்தப் பொம்மையிலும் மூடி ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறக்கக் கூடாது. அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகளைச் செய்தால்தான் திறக்க வேண்டும். நகத்தால் தள்ளினால் திறக்கும் மூடி என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ இருந்தாலும் போதாது, அதைக் கழற்றி மறுபடி முடுக்கிப் பாருங்கள். மலிவான பொம்மையில் பிளாஸ்டிக் மரை இரண்டாம் தடவையே தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். நல்ல பொம்மையில் ஸ்க்ரூவைக் கழற்றினாலும் அது மூடியோடேயே நிற்கும், தனியே விழாது. கடலோரத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் ஸ்க்ரூ தலை துருப்பிடித்துத் திருப்புளி வழுக்கும். அப்புறம் யாராவது நெம்பித் திறந்து, மூடியைச் செல்லோ டேப் போட்டு ஒட்டி வைப்பார்கள். டேப் ஒட்டிய மூடி மூடியே இல்லை. ஸ்க்ரூவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு வைத்தால் துரு தள்ளிப்போகும், துருப்பிடித்துவிட்டால் பேட்டரியை எடுத்துவிட்டுப் பேட்டரி இல்லாத பொம்மையாகக் கொடுக்கலாம். பையன் அதையும் அதே ஆசையோடுதான் வைத்து விளையாடுகிறான்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே சாதாரண பொம்மை என்றால் ஐ.எஸ். 9873, மின்சாரம் அல்லது பேட்டரியில் இயங்குவது என்றால் ஐ.எஸ். 15644 என்று இருக்கும். கீழே சி.எம்./எல். என்று ஆரம்பிக்கும் உரிம எண் இருக்கும். முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது, அதை யாரும் அச்சடிக்கலாம். போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியைப் போட்டு அந்த உரிம எண்ணை அடித்துப் பாருங்கள், உற்பத்தியாளர் பெயரும் பொருளும் வரும். பெட்டியில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால் போலி. ஐரோப்பிய முத்திரையான சி.இ. என்ற இரண்டு எழுத்து மட்டும் இருப்பதால் நம் நாட்டில் ஒரு பயனும் இல்லை. திருவிழாக் கடையில் கூடையில் குவித்து வைத்து விற்கும் பொம்மைக்குப் பெட்டியே இருப்பதில்லை, உற்பத்தியாளர் முகவரி இருப்பதில்லை, திருவிழா முடிந்தால் கடையும் இருப்பதில்லை. முத்திரை இல்லாமல் விற்கிற நிரந்தரக் கடை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், பில் வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அதனால் மரச்சொப்பில் ஐ.எஸ்.ஐ. இல்லையே என்று பயப்படத் தேவையில்லை. அங்கே நாமே சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதிப்பது எப்படி என்றால், பஞ்சை எடுத்து மரப்பொம்மை மேல் எல்லாப் பக்கமும் உரசுங்கள். இழை மாட்டினால் சிராய் இருக்கிறது. வெள்ளைத் துணியை நனைத்து ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் பிள்ளை வாய்க்குள்ளும் அதே சாயம்தான் போகும். சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, ஆகவே பளபளக்கும் மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட் அடித்துப் பொரிந்து உதிரும் பொம்மையை ஒதுக்கிவிடுவதே நல்லது. துணிப்பொம்மையின் கண், மூக்கு, பட்டன் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். சோதனைக் கூடத்தில் 6 மி.மீ.க்கு மேற்பட்ட துண்டை 70 நியூட்டன் விசையில் இழுப்பார்கள், அது ஏறக்குறைய 7 கிலோ இழுவை. எங்கள் பக்கம் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு எந்த வீட்டிலும் கிடைக்கும். பொம்மைக் கண்ணை நைலான் நூலால் சுருக்குப் போட்டுக் கொக்கியில் மாட்டி 7 கிலோ காட்டும்வரை இழுத்தால் விஷயம் தெரிந்துவிடும். நான் இழுத்த கரடியின் கண் 3 கிலோவுக்கே வந்துவிட்டது. 18 மாதத்துக்குக் கீழான பிள்ளையின் பொம்மை 138 செ.மீ. உயரத்திலிருந்து 10 தடவை விழுந்தும் உடையக் கூடாது என்பது சோதனை. இடுப்பில் இருக்கும் பிள்ளை தூக்கிப்போட்டால் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் வரும். கயிறு கட்டி இழுக்கும் பொம்மையில் கயிறு 22 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள், கழுத்தைச் சுற்றும்.

பேட்டரிக்கு அடுத்தபடி நான் பயப்படுவது இரண்டு பொருளுக்கு. ஒன்று, மணி மணியாக இருக்கும் சக்திவாய்ந்த காந்தங்கள். ஒன்றை விழுங்கினால் வெளியேறிவிடலாம். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள குடலை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். மற்றது, தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல் மணிகள். கடுகளவாக உள்ளே போய்க் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் லேசில் தெரியாது. பலூனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஊதிய பலூனைவிட வெடித்த துண்டுதான் ஆபத்து. மூச்சுக்குழாய் வாயில் தோலாகப் படிந்துகொள்ளும், முதுகில் தட்டினாலும் எளிதில் வராது. பிறந்தநாள் முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும்.

ஏதாவது தொண்டையில் அடைத்து, பிள்ளைக்குச் சத்தமோ இருமலோ வரவில்லை என்றால், குனிய வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டு. வரவில்லையென்றால் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலே அழுத்த வேண்டும்; ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தாமல் நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே 108. இருமிக்கொண்டிருக்கிற பிள்ளையை இரும விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை உள்ளே விடாதீர்கள், ஆழத்துக்குப் போய்விடும்.

வயது விஷயத்தில் நம்மாட்களுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க பிள்ளை கெட்டிக்காரன், மூணு வயசுப் பொம்மையே வச்சு விளையாடுவான்." பெட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்குக்கோடு போட்டு இருந்தால், அது புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசவில்லை, உள்ளே சின்னத் துண்டு இருக்கிறது என்று சொல்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான்.

ஒரு வயதிலிருந்து ஒன்றரை வரை பிள்ளைக்குப் பிடித்த வேலை போடுவதும் எடுப்பதும். மூடியுள்ள எவர்சில்வர் சம்படம், அதற்குள் போட 6 செ.மீ. மரக்கட்டைகள் ஏழெட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டம்ளர்கள், ஓரம் தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டை இரண்டு, கால்பந்து அளவில் ஒரு பந்து. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 15 மாதத்தில் இரண்டு கட்டையை அடுக்கப் பார்க்கும், அதைத் தட்டிவிடும் சந்தோஷம்தான் அந்த வயதின் விளையாட்டு. ஒன்றரை வயதுக்கு மேல் வளையம் கோர்க்கும் தூண், பிடி வைத்த மூன்று துண்டுப் படப்பலகை, வடிவத்தைத் துளையில் போடும் பெட்டி. பெட்டியில் முதலில் வட்டத்தை மட்டும் கொடுங்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உள்ளே போகும். பிறகு சதுரம். எல்லாத் துண்டையும் முதல் நாளே கொட்டினால் பிள்ளை எரிச்சலில் தூக்கி எறிந்துவிடும். இரண்டு வயதுக்கு மேல் பாவனை விளையாட்டு வந்துவிடும். சொப்புச் சாமான், துணிப் பொம்மைக்குச் சோறூட்டல், பழைய பர்ஸ். சொப்பில் உழக்கும் மூடியும் மட்டும் வளையத்தில் நுழையாத அளவுக்குப் பெரியதாகப் பார்த்து எடுங்கள், ஊறுகாய்ச் சாடி மாதிரியான குட்டிகளை எடுத்து வைத்துவிடலாம். களிமண் வாங்குவதற்குப் பதில் மஞ்சள் கலந்த சப்பாத்தி மாவு போதும், அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாம். பனையோலைக் கிலுகிலுப்பை அழகுதான், ஆனால் பல் வந்த பிள்ளை கடித்தால் ஓலை கிழிந்து உள்ளிருக்கும் கல் வாய்க்கு வந்துவிடும். நாம் ஆட்டிக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகக் கூடாது.

உட்கார வைத்துத் தள்ளும் வாக்கர் பிள்ளைக்கு நடை கற்றுத் தராது. கால் விரலை ஊன்றித் தள்ளப் பழக்கும், படியில் உருட்டிவிடும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் முற்றத்துக்கு இறங்கும் படியும் திண்ணையும் இருக்கும்போது இன்னும் மோசம். மர நடைவண்டி வேறு கதை, பிள்ளை தானே பிடித்து எழுந்து நின்ற பிறகு கொடுக்கலாம். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் அச்சில் துணி சுற்றிக் கொஞ்சம் இறுக்குங்கள், வண்டியில் ஒரு கிலோ அரிசிப்பொட்டலம் கட்டினால் முன்பக்கம் தூக்காது. ஆணித்தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும்.

பாடுகிற, பேசுகிற பொம்மைகள் பற்றி ஒரு வார்த்தை. அது பேசும்போது வீட்டிலுள்ளவர்கள் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள். பிள்ளை பேசக் கற்பது நம் வாயிலிருந்துதான். நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஏழெட்டுப் பொருள் மட்டும் வெளியே வைத்திருக்கிறேன், வாரம் ஒரு முறை மாற்றி வைத்தால் புதுசு மாதிரி ஓடி வருகிறான். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் மரச்சாமானைத் துடைத்து நிழலில் நன்றாகக் காய வைக்க வேண்டும்; குளிக்கும்போது பீய்ச்சும் ரப்பர் வாத்தின் உள்ளே கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும், ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

தீர்ந்த பட்டன் பேட்டரியை அப்படியே குப்பைக் கூடையில் போடாமல் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, திருகுமூடி பாட்டிலில் போட்டு உயரத்தில் வையுங்கள். பொம்மையில்லாத இடங்களிலும் அது இருக்கிறது. எடை பார்க்கும் மெஷின், சீலிங் ஃபேன் ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, பாட்டாவின் காது மெஷின் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கிற வீடுகளில் வரிசையாக வைக்கும் சின்ன எல்.இ.டி. மெழுகுவர்த்தியின் அடியிலும் பெரும்பாலும் ஒரு 2032 இருக்கும், பல வகைகளில் மூடிக்கு ஸ்க்ரூவே கிடையாது. பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்குப் பதில் எட்டாத உயரத்தில் சீரியல் லைட் போட்டுக்கொள்ளலாம். மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால், வைக்கும்போது எத்தனை என்று எழுதி வைத்து, எடுக்கும்போது மூடியோடும் பேட்டரியோடும் அத்தனையும் திரும்ப வந்ததா என்று பார்த்து எடுக்க வேண்டும்.